ஆறாவது மீன்கொத்தி

ஜனவரி 6, திங்கள்

இன்சூரன்ஸ் ஏஜெண்ட் கொண்டுவந்து கொடுத்த புது டைரி. தாள் ஒரே பழுப்பு. போன வருடமும் இதே கதைதான். கேட்டால், "நல்ல வெள்ளைத் தாள் சார், கம்பெனி டைரி" என்கிறார். வெள்ளையாம்! முப்பத்து நாலு வருடம் பத்திரத் தாளைத் தடவிப் பார்த்தே வயிறு கழுவினவனிடம் வந்து தாளைப் பற்றிப் பாடம் எடுக்கிறார்.

வருடத்தின் முதல் பதிவு என்பதால் விவரங்களை முறைப்படி எழுதிவிடுகிறேன். பெயர் குஞ்சிதபாதம். வயது அறுபத்து நாலு. ஓய்வுபெற்ற சார்பதிவாளர். இருப்பு திருத்துறைப்பூண்டி. மனைவி விசாலம். அலையாத்திப் பறவை வட்டத்தின் பட்டியல் காப்பாளர், பத்தொன்பது வருடமாக. முத்துப்பேட்டைப் பக்கத்து அலையாத்திக் காட்டிலோ சதுப்பிலோ எங்கள் ஆட்கள் புதிதாக எந்தப் பறவையைப் பார்த்தாலும் படிவம் நிரப்பி எனக்கு அனுப்ப வேண்டும். நான் ஏற்றுக்கொண்டால் அது பட்டியலில் ஏறும். இல்லையென்றால் 'ஆதாரம் போதாது' என்று எழுதித் திருப்பி அனுப்புவேன். அப்புறம் அந்தப் பறவை பறந்தாலும் ஒன்றுதான், பறக்காவிட்டாலும் ஒன்றுதான்.

பத்து வருடத்துக்கு ஒரு முறை வரும் பட்டியல் புத்தகம் மார்ச் இருபதாம் தேதி அச்சுக்குப் போகிறது. மீன்கொத்தியில் நமக்கு ஐந்து இனம். சின்ன மீன்கொத்தி, வெண்மார்பு மீன்கொத்தி, கறுப்பு வெள்ளை மீன்கொத்தி, பெரிய அலகு மீன்கொத்தி, கருந்தலை மீன்கொத்தி. போன புத்தகத்திலும் ஐந்து. இதிலும் ஐந்துதான்.

ஜனவரி 8, புதன்

நான் எழுதி முடித்த நேரம்! ஆறாவது வந்துவிட்டது, தபாலில்.

அனுப்பியது முத்துப்பேட்டை சபுரா பீவி. தையல் கடை வைத்திருக்கிறார். ஐந்தாறு வருடமாக வட்டத்தில் இருக்கிறார், பொறுமைசாலி, அது ஒன்றும் இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் பறவை பார்ப்பது துணி வெட்டுகிற வேலை இல்லை. ஏற்கெனவே அவருடைய இரண்டு பதிவுகளைத் தள்ளுபடி செய்திருக்கிறேன். விதி ஏழின்படி மூன்றாவதும் தள்ளுபடியானால் ஒரு வருடம் பதிவு அனுப்ப முடியாது. விதியை எழுதியவன் நான்தான். கண்டதையெல்லாம் அனுப்பாமல் இருப்பார்கள் என்றுதான் எழுதினேன்.

படிவத்தில் இருப்பது: 'பட்டைக் கழுத்து மீன்கொத்தி. சித்தன் வாய்க்கால் முனை, வலைக்கழி மேல். தலையும் முதுகும் மயில் பச்சை. கழுத்தைச் சுற்றி வெள்ளைப் பட்டை. வயிறு சுத்த வெள்ளை. அலகு மேலே கறுப்பு. பறக்கும்போது இறக்கையில் வெள்ளைத் திட்டு இல்லை.' போட்டோ இல்லை. செல்போனில் எடுத்த ஒரு புள்ளி இருக்கிறது, அது பறவையா ஈயா என்று தெரியவில்லை. போட்டோவுக்குப் பதிலாக இரண்டு துண்டு நூலை ஒட்டி அனுப்பியிருக்கிறார், நிறம் காட்டுவதற்காம். பத்தொன்பது வருடத்தில் நூல் ஒட்டிய படிவம் இதுதான் முதல்.

அதிலும் வேடிக்கை, 'வயிறு வெள்ளை' என்று எழுதி அதன் கீழே ஒட்டியிருக்கும் நூல் நல்ல பழுப்பு. டீயில் நனைத்த மாதிரி. 'மயில் பச்சை' என்பதன் கீழே ஒட்டியது ஏதோ இருட்டு நூல், கிட்டத்தட்டக் கறுப்பு. கருந்தலை மீன்கொத்திக்குத் தலை கறுப்பு, வயிறு செம்பழுப்பு, கழுத்தில் வெள்ளைப் பட்டை. அம்மா கையாலேயே சாட்சியத்தை ஒட்டி அனுப்பிவிட்டார்.

இரண்டாவது சாட்சியாகப் படகோட்டி காத்தலிங்கம் கையெழுத்துப் போட்டிருக்கிறார். கூலி வாங்குகிறவர் சாட்சி ஆக முடியாது.

இருந்தாலும் நேரில் பார்க்காமல் தள்ளுபடி செய்வது என் பழக்கம் இல்லை. ஞாயிறு போகிறேன்.

ஜனவரி 10, வெள்ளி

பொங்கலுக்குக் கேட்டுக்கு வர்ணம். வெளிர் நீலம் கேட்டேன். கடைக்காரர் திறந்து காட்டியது சாம்பல். "சார், இதுதான் ஸ்கை ப்ளூ" என்று சாதிக்கிறார். இன்னும் நீலம் ஊற்றச் சொன்னேன். ஊற்றினார். போதாது என்றேன். மூன்றாவது தடவை, "இதுக்கு மேல போட்டா நான் பொறுப்பில்ல சார்" என்றார். போடுங்கள் என்றேன். இப்போதுதான் நான் கேட்ட வெளிர் நீலமாக வந்திருக்கிறது.

எதிர்வீட்டுத் தாசில்தார் வெகுநேரம் நின்று பார்த்தார், உள்ளே போய்விட்டார். விசாலம் ஏதோ தூக்கல் என்றாள், அவளுக்குக் கண் தெரியவில்லை. ரசனை கெட்ட தெரு.

ஜனவரி 12, ஞாயிறு

காலை ஏழு மணிக்குப் படகு. காத்தலிங்கம் கோல் ஊன்ற, சபுரா பீவி முன்னால், நான் நடுவில். கிளம்பும் முன் விசாலம் கொடுத்த ரவிக்கைத் துணியை சபுராவிடம் ஒப்படைத்தேன். "பழுப்பு ரவிக்கை, இதே பழுப்பில் நூல் போடச் சொன்னாள்" என்றேன். துணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சரி சார்" என்று பைக்குள் வைத்துக்கொண்டார்.

தண்ணீர் வற்றும் நேரம். இரண்டு பக்கமும் சேற்றில் வேர் நட்டமாக நிற்கிறது, நண்டு ஓடுகிறது. ஒரு தில்லை மரத்தின் அடியில் படகு உரசப் போனதும் காத்தலிங்கம் கத்தினார். "குனிங்க அய்யா! தில்லைப் பால் கண்ணுல பட்டா பார்வையே போயிரும்."

"என் கண்ணுக்கு ஒண்ணும் ஆகாது" என்றேன். "போலி முத்திரையைப் பத்தடி தூரத்துலயே கண்டுபிடிச்ச கண்ணு இது."

வாய்க்கால் முனையில் சபுரா கையை நீட்டினார். "அந்தா சார். மூணாவது கழி."

ஒரு நிமிடம் எனக்குக் கழியே அகப்படவில்லை. பனி அப்படி. அப்புறம் பைனாகுலரில் பிடித்துவிட்டேன். அருமையான மீன்கொத்தி. தலை கறுப்பு. வயிறு தெளிவான பழுப்பு. கழுத்தில் பட்டை.

"கருந்தலை" என்றேன்.

"சார், வயிறைப் பாருங்க. சொட்டு நீலம் போட்ட வேட்டி மாதிரி இருக்கு."

"பழுப்பு அம்மா. சுத்தப் பழுப்பு."

"கருந்தலைக்கு அலகு ரத்தச் சிவப்புல இருக்குமே. இதுக்குக் கறுப்பால்ல இருக்கு?"

நியாயமான கேள்விதான். யோசித்தேன். நண்டு தின்னும் பறவை, சேற்றில் குத்துகிறது. "அலகுல சேறு அப்பியிருக்கு" என்றேன்.

சபுரா காத்தலிங்கத்தைப் பார்த்தார். காத்தலிங்கம் தண்ணீரைப் பார்த்தார். பறவை அப்போது பறந்துவிட்டது, இறக்கையில் வெள்ளைத் திட்டு இருந்ததா என்று பார்க்க முடியவில்லை, எதிர் வெயில். இருந்திருக்கும்.

திரும்பி வந்து இறங்கும்போது சபுரா, "இது மூணாவதுல்ல சார்?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப ஒரு வருஷம்" என்றார். மனசுக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் சங்கடப்பட்டால் பட்டியல் நடத்த முடியாது.

ஜனவரி 13, திங்கள்

எழுதி அனுப்பிவிட்டேன். 'காப்பாளர் நேரில் பார்த்தார். பறவை கருந்தலை மீன்கொத்தி. நூல் ஆதாரமாக ஏற்கப்படாது. ஆதாரம் போதாது. விதி ஏழு பொருந்தும்.'

பதிவேட்டில் என் பெயரில் சித்தன் வாய்க்கால் கருந்தலை ஒன்று ஏற்றினேன். நான்கு வருடத்தில் அந்த வாய்க்காலில் இது எனக்கு முப்பத்தேழாவது. சந்தோஷம்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். விசாலம் மண் நிறத்தில் ஒரு புடவை கட்டிக்கொண்டு நின்றாள். நல்ல நாளும் அதுவுமாக இதுதான் கிடைத்ததா என்று கேட்டேன். "நீங்க எடுத்துக் குடுத்ததுதான். நீலப் பட்டு" என்றாள். சாயம் போயிருக்கிறது. நாளைக்கே ஜவுளிக் கடைக்காரனை ஒரு பிடி பிடிக்க வேண்டும்.

பால் பொங்கியது. பாலும் பழுப்புத்தான். இந்தக் காலத்தில் எதைத்தான் கலப்படம் இல்லாமல் விற்கிறார்கள்?

ஜனவரி 18, சனி

சபுரா பீவி போன் செய்தார். சண்டைக்கு வருவார் என்று நினைத்து விதிப் புத்தகத்தைக் கையிலேயே வைத்திருந்தேன். சண்டை போடவில்லை. "லெட்டர் கிடைச்சது சார். ஒரு வருஷம் அனுப்ப மாட்டேன். அம்மாவோட ரவிக்கை தச்சிட்டேன், யாராவது வந்தா குடுத்து விடுறேன்" என்றார்.

வைக்கும் முன், "அது இன்னும் அந்தக் கழியிலதான் சார் இருக்கு. புத்தகம் அச்சுக்குப் போறதுக்குள்ள இன்னொரு தடவை பார்த்துடுங்களேன்" என்றார். பார்த்தாயிற்று அம்மா என்றேன். அந்த 'ளேன்' காதிலேயே நிற்கிறது, சனியன்.

ஜனவரி 23, வியாழன்

பைனாகுலரை மன்னார்குடியில் கொடுத்துச் சுத்தம் செய்தேன். உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறது என்பது என் கணிப்பு. "கண்ணாடி பளிங்கு மாதிரி இருக்கு சார், நான் என்னத்தைத் துடைக்கிறது?" என்றார் ரிப்பேர்காரர். வேலை தெரியாதவர்.

ஜனவரி 27, திங்கள்

ஸ்கூட்டர் தானாகப் போய் டீக்கடைப் பெஞ்சில் இடித்தது. பட்டப்பகலில் பெஞ்சை வெயிலில் போட்டு வைத்தால் யாருக்குத் தெரியும்? முழங்காலில் சிராய்ப்பு.

விசாலம் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டே, "கண்ணைக் காட்டுங்க, கண்ணைக் காட்டுங்கன்னு ரெண்டு வருஷமா தொண்டைத் தண்ணி வத்துது எனக்கு" என்றாள். முழங்காலில் அடிபட்டவனைக் கண்ணைக் காட்டச் சொல்கிறாள்.

பிப்ரவரி 3, திங்கள்

விசாலத்தின் தொல்லை தாங்காமல் தஞ்சாவூர் போய் வந்தோம். ஒரு சின்ன வேலை.

பிப்ரவரி 5, புதன்

அதே வேலையாக நாளை மறுபடி தஞ்சாவூர். இரண்டு நாள் தங்க வேண்டும். வட்டத்தில் யாருக்கும் சொல்லவில்லை, சொல்ல ஒன்றும் இல்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

விசாலம் எழுதுகிறாள், நான் சொல்லச் சொல்ல. எனக்குச் சளி. அதனால் ஒரு வாரம் எழுதக் கூடாது, குனியக் கூடாது, தலைக்குக் குளிக்கக் கூடாது.

(சளின்னு எழுதச் சொல்றாங்க, எழுதியாச்சு. சொட்டு மருந்து நாலு வேளை. மூக்குல இல்ல. - வி.)

பிப்ரவரி 14, வெள்ளி

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நானே எழுதுகிறேன். வலது பக்கம் மட்டும் எல்லாம் கொஞ்சம் பளிச்சென்று இருக்கிறது. ஊரில் மழை பெய்து தூசி அடங்கியிருக்க வேண்டும்.

டைரித் தாள் வெள்ளை.

விசாலத்தின் புடவை நீலம். கொடியில் காய்ந்துகொண்டிருந்தது, கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன். சாயம் போகவில்லை. நான் எடுத்துக் கொடுத்த அதே நீலம். என்னவோ செய்தது. இரண்டு வருடமாக நல்ல நாளெல்லாம் இதைக் கட்டிக்கொண்டு என்னிடம் வசவு வாங்கியிருக்கிறாள்.

அப்புறம் வாசலுக்குப் போனேன். போயிருக்கக் கூடாது. கடவுளே! சர்க்கஸ் கூடாரத்துக்குக்கூட அப்படி ஒரு நீலம் அடிக்க மாட்டார்கள். தெருவே அந்த வெளிச்சத்தில் நிற்கிறது. தாசில்தார் வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். பேப்பர் குலுங்கியது.

"ஏன் விசாலம், நீயாவது சொல்லக் கூடாதா?"

"சொன்னேனே. 'கொஞ்சம் தூக்கலா இருக்குங்க'ன்னு அன்னிக்கே சொன்னேன். 'உனக்குக் கண்ணு தெரியல'ன்னீங்க."

பிப்ரவரி 15, சனி

சபுரா பீவியின் படிவத்தைக் கோப்பிலிருந்து எடுத்தேன். நூலைப் பார்த்தேன்.

இடது கண்ணை மூடினால்: ஒரு நூல் வெள்ளை. பள்ளிக்கூடச் சட்டை வெள்ளை. இன்னொன்று பச்சையும் நீலமும் கலந்த, மயில் கழுத்தின் நிறம்.

வலது கண்ணை மூடினால்: டீ நிறம் ஒன்று, இருட்டு ஒன்று.

திறந்து மூடி, திறந்து மூடி அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். விசாலம் எட்டிப் பார்த்துவிட்டு, "யாருக்குக் கண்ணடிக்கிறீங்க?" என்றாள்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வாய்க்காலுக்குப் போக விசாலம் விடவில்லை. சளி.

பிப்ரவரி 23, ஞாயிறு

டாக்டர் தூசியில் போகாதே என்றுதான் சொன்னார், தண்ணீரில் போகாதே என்று சொல்லவில்லை. விசாலத்திடம் இப்படி வாதாடி ஜெயித்துப் படகு ஏறினேன். சபுராவுக்குச் சொல்லவில்லை. காத்தலிங்கமும் நானும் மட்டும்.

மூன்றாவது கழி. இருந்தது.

இடது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். பட்டைக் கழுத்து மீன்கொத்தி. தலையும் முதுகும் மயில் பச்சை. வயிறு வெள்ளை, அப்படி ஒரு வெள்ளை. அலகு மேலே கறுப்பு, சேறு கீறு ஒன்றும் கிடையாது. வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். கருந்தலை மீன்கொத்தி. ஒரே கழி, ஒரே பறவை. ஒரு கண்ணுக்கு ஒரு இனம், இன்னொரு கண்ணுக்கு இன்னொரு இனம் என்று காத்தலிங்கத்திடம் வாய்விட்டே சொன்னேன்.

பறந்தது. வெயில் இன்று முதுகுக்குப் பின்னால். இறக்கையில் வெள்ளைத் திட்டு இல்லை.

என்னை மறந்து, "வெள்ளைங்க காத்தலிங்கம்! வயிறு வெள்ளை!" என்று கத்திவிட்டேன்.

"ஆமாங்கய்யா" என்றார் காத்தலிங்கம். "அந்தம்மா அன்னிக்கே சொன்னாங்களே."

பிப்ரவரி 25, செவ்வாய்

நிதானமாக யோசித்தேன். சட்டப்படி நிலவரம் இது. சபுரா பீவியின் பதிவு தள்ளுபடியாகி முடிந்துபோன விஷயம். விதி ஏழின்படி அவர் அடுத்த ஜனவரி வரை அனுப்ப முடியாது. ஆனால் பறவை புத்தகத்தில் வந்தாக வேண்டும், அது அறிவியல். ஆகவே தகுதியுள்ள வேறு யாராவது அதைப் பார்த்ததாகப் பதிய வேண்டும். பார்த்தவன் நான். பதிவதும் ஏற்பதும் நானே என்றாலும் விதியில் தடை இல்லை.

'முதலில் பார்த்தவர்: குஞ்சிதபாதம்.' எழுதிப் பார்த்தேன். கையெழுத்து நன்றாக இருக்கிறது.

மார்ச் 1, சனி

புது இனமென்றால் விதி நான்கின்படி இரண்டாவது சாட்சி வேண்டும். படிவத்தோடு காத்தலிங்கம் வீட்டுக்குப் போனேன். கூலி வாங்குகிறவர் சாட்சி ஆக முடியாது என்று முன்பு நான் எழுதியது கொஞ்சம் அவசரத்தில் எழுதியது. முப்பது வருடம் அந்த வாய்க்காலிலேயே கிடப்பவரைவிட நல்ல சாட்சி யார்?

வலை பிரித்துக்கொண்டிருந்தார். படிவத்தை வாங்கி மெதுவாகப் படித்தார்.

"கையெழுத்துப் போடுறேங்கய்யா, அதுக்கென்ன. ஆனா 'முதல்ல பார்த்தவர்'னு உங்க பேர் போட்டிருக்கே?"

"அது ஒரு நடைமுறை."

"எனக்கே அந்தம்மா காட்டித்தானுங்க தெரியும். நான் இத்தனை வருஷமா எல்லாத்தையும் மீன்கொத்தி, மீன்கொத்தின்னே சொல்லிட்டுத் திரிஞ்சேன்." பேனாவைத் திருப்பிக் கொடுத்தார். "பேரை மாத்திக் கொண்டாங்க, ரெண்டு கையெழுத்தாவே போட்டுத் தர்றேன்."

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன். பொய்ச் சாட்சியோடு வந்த எத்தனை பேரை ஆபீஸ் வாசலிலிருந்தே துரத்தியிருக்கிறேன்! இன்று என்னை ஒருவர் வலை பிரித்துக்கொண்டே துரத்தினார். வெட்கமாக இருந்தது, வேறென்ன சொல்ல.

மார்ச் 2, ஞாயிறு

விசாலத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"இப்ப என்ன பண்ணணும்னு உங்களுக்கே தெரியும். என்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?"

"வெளியில தெரிஞ்சா பத்தொன்பது வருஷப் பேர் போயிடும்."

"கேட்டைப் பார்த்த அன்னிக்கே பாதி போயாச்சு" என்றாள்.

பதிவேட்டைத் திறந்தேன். நான்கு வருடம், முப்பத்தேழு கருந்தலை. அதில் எத்தனை உண்மையான கருந்தலை, எத்தனை என் கண்ணில் இருந்தது என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். முப்பத்தேழையும் சிவப்பு மையால் அடித்தேன். சிவப்பு நல்ல சிவப்பாகத் தெரிகிறது இப்போது. பிறகு காப்பாளர் தாளில், காப்பாளர் நடையில், எனக்கே ஒரு கடிதம் எழுதினேன். 'திரு. குஞ்சிதபாதம் அவர்களுக்கு. தங்கள் முப்பத்தேழு பதிவுகளும் தள்ளுபடி. ஆதாரம் போதாது. விதி ஏழு பொருந்தும்.' விதி ஏழு மூன்று தள்ளுபடிக்கு ஒரு வருடம். முப்பத்தேழுக்குக் கணக்குப் போட்டால் என் ஆயுசு போதாது.

மார்ச் 6, வியாழன்

முத்துப்பேட்டை. நோன்பு மாதம், தையல் கடைகளுக்கு உயிர் போகிற நேரம். சபுரா பீவியின் கடையில் பெருநாள் துணி கூரை வரை அடுக்கியிருக்கிறது. நோன்பு வாயோடு மிஷினை மிதித்துக்கொண்டே, "உக்காருங்க சார்" என்றார். நிறுத்தவில்லை.

நின்றுகொண்டே சொன்னேன். பதிவு ஏற்கப்பட்டது என்றேன். முதலில் பார்த்தவர் அவர், சாட்சி காத்தலிங்கம். பழைய இரண்டு தள்ளுபடியையும் மறுபடி பார்க்க வேண்டும், அதை நான் பார்ப்பது முறையில்லை என்றேன். எனக்கு நானே எழுதிய கடிதத்தைக் காட்டினேன். "தப்பு என்னுதுதான், மன்னிச்சுக்குங்க" என்றேன். இந்த வார்த்தையைக் கடைசியாக யாரிடம் சொன்னேன் என்று பஸ்ஸில் முழுக்க யோசித்தேன், ஞாபகம் வரவில்லை.

மிஷின் நின்றது. கடிதத்தைப் படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு தாங்காமல் சிரித்துவிட்டார். சிரித்து முடித்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அது சிரிப்பால் மட்டும் இல்லை.

மேசையடியிலிருந்து ஒரு பொட்டலம் எடுத்தார். விசாலத்தின் ரவிக்கை. வெளிர் நீலம்.

"பழுப்புன்னு குடுத்தீங்க சார். அன்னிக்குப் படகு கிளம்புறதுக்கு முன்னாடியே எனக்குத் தெரிஞ்சு போச்சு. எங்க வாப்பாவுக்கும் இப்படித்தான் புரை வந்துச்சு."

"தெரிஞ்சும் ஏம்மா அப்பவே சொல்லல?"

"சொன்னா ஆதாரம் கேட்பீங்க சார்."

ரவிக்கையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மார்ச் 9, ஞாயிறு

வட்டத்தின் கூட்டம். ராஜினாமா கொடுத்தேன். யாராவது 'வேண்டாம் சார்' என்பார்கள் என்று ஒரு நிமிடம் கொடுத்துப் பார்த்தேன். மின்விசிறி மட்டும் சுற்றியது. புதுக் காப்பாளராக சபுரா பீவியை ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். பெருநாள் வேலை இருக்கிறது, புத்தகமும் இருக்கிறது என்று தயங்கினார். "உங்களால முடியும்" என்று முதலில் சொன்னது நான்தான். பதிவேடு, முத்திரை, விதிப் புத்தகம் எல்லாம் ஒப்படைத்து ரசீது வாங்கிக்கொண்டேன்.

அவருடைய முதல் வேலை, விதி ஏழை நீக்கியது. அப்படியானால் நானும் பதிவு அனுப்பலாம்.

மார்ச் 10, திங்கள்

அனுப்பினேன். பிப்ரவரி 23, சித்தன் வாய்க்கால், பட்டைக் கழுத்து மீன்கொத்தி ஒன்று. நிறம் எல்லாம் விவரமாக எழுதி, விசாலத்தின் தையல் டப்பாவிலிருந்து இரண்டு நூலும் எடுத்து ஒட்டினேன். சாட்சி காத்தலிங்கம். புத்தகத்தில் 'முதலில் பார்த்தவர்' என்பதன் கீழே 'பிறகு பார்த்தவர்கள்' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி வரும். அதில் என் பேர் வந்தால் போதும்.

மார்ச் 14, வெள்ளி

பதில் வந்துவிட்டது. என் தாள், என் முத்திரை, என் நடை.

'திரு. குஞ்சிதபாதம் அவர்களுக்கு. தங்கள் பதிவு பரிசீலிக்கப்பட்டது. அன்றைய தேதியில் பார்வையாளரின் வலது கண் பட்டைக் கழுத்து மீன்கொத்தியையும் இடது கண் கருந்தலை மீன்கொத்தியையும் பார்த்ததாக சாட்சி காத்தலிங்கம் தெரிவிக்கிறார். இரண்டு கண்ணும் ஒரே பறவையைப் பார்க்கும் வரை பதிவை ஏற்க இயலாது. ஆதாரம் போதாது.'

கீழே பேனாவால்: 'சார், இடது கண்ணையும் சீக்கிரம் முடிங்க. அதுவரைக்கும் அது அங்க இருக்கணும்னு நான் துஆ செய்றேன்.'

கோபம் வந்தது. அடுத்த நிமிடமே போய்விட்டது. என்ன செய்ய, தீர்ப்பு சரி. நானாக இருந்தாலும் இதைத்தான் எழுதியிருப்பேன். விசாலத்திடம் படித்துக் காட்டினேன். கடிதத்தை வாங்கி சாமி படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்திருக்கிறாள்.

மார்ச் 17, திங்கள்

வாய்க்காலுக்குப் போனேன். மூன்றாவது கழியில் ஒன்றும் இல்லை. மற்ற கழிகளிலும் இல்லை. பதினோரு மணி வரை உட்கார்ந்திருந்தோம். "நாலு நாளா காணோமுங்கய்யா" என்றார் காத்தலிங்கம். புத்தகம் வியாழக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஆறாவது மீன்கொத்தி அதில் இருக்கும், ஒரே ஒரு பேருக்குக் கீழே. அது இருக்க வேண்டிய பேர்தான்.

எனக்கு அடுத்த புத்தகம். பத்து வருடம்.

மார்ச் 18, செவ்வாய்

நாளைக்குத் தஞ்சாவூர். இடது கண்ணில் புரை. ஆபரேஷன்.

பெயிண்டர் வந்தார், கேட்டை மாற்றி அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இரண்டு கண்ணும் சேர்ந்து என்ன நிறம் என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.